ரன்னிமேட்டு ஓடையும் மூன்று கப் ரெசினும்

குன்னூர்,
ஆவணி 3

அன்புள்ள முத்துவுக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு. பேத்தி சொல்வதைக் கேள். இங்கே எனக்கு முழங்கால்தான் தகராறு. ஆடி முழுக்கச் சாரல், வெயிலைப் பார்த்துப் பதினோரு நாளாகிறது. நேற்று சாயங்காலம் ஒரு காட்டுமாடு எங்கள் தெருப் படிக்கட்டின் நடுவில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது. பால்காரர் அரை மணி நேரம் எதிரே நின்றார். இரண்டு பேருக்குமே அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொலுப் பார்க்கில் அருவி வேண்டும் என்று பேத்தி அடம்பிடிக்கிறாள், கடையில் விற்கும் குட்டி மோட்டாரை வாங்கி நிஜத் தண்ணீரையே ஓடவிட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், மீதியை நீ மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். மோட்டார் வாங்காதே.

நிஜத் தண்ணீரைப் போல் பொய்யாகத் தெரிவது வேறெதுவும் இல்லை. நான் செய்யும் மாடல் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. ஆறடி ஆள் இரண்டு சென்டிமீட்டர்தான். அந்த ஆளுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அது சொட்டாகத் தெரியாது. நாலு மில்லிமீட்டர் சொட்டு அவன் கணக்கில் 35 சென்டிமீட்டர், பர்லியார் பலாப்பழம் ஒன்று தலையில் விழுகிற மாதிரி. நாம் எதை வேண்டுமானாலும் சிறிதாக்கலாம், சொட்டைச் சிறிதாக்க முடியாது. வேகமும் அப்படித்தான். பத்து மீட்டர் அருவியில் தண்ணீர் கீழே வர கிட்டத்தட்ட ஒன்றரை விநாடி ஆகும். என் மாடலில் அதே அருவி பதினொன்றரை சென்டிமீட்டர், அதில் 0.15 விநாடியில் விழுந்து முடிந்துவிடும். பார்த்தால் குழாய் ஒழுகுவது மாதிரிதான் இருக்கும். சினிமாவில் மாடல் கப்பலை அலையில் ஆட்டிப் படம் எடுப்பவர்கள் இதற்காகவே கேமராவை வேகமாக ஓட்டுவார்கள். கப்பல் இருபத்தைந்தில் ஒரு பங்கு என்றால் ஐந்து மடங்கு வேகத்தில் எடுத்து, நிதானமாகக் காட்டுவார்கள். உன் பேத்தியின் கொலுவை யார் ஸ்லோ மோஷனில் பார்க்கப் போகிறார்கள்?

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று இதுவரை சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாய் என்றுதான். இரண்டடிக்கு ஒன்றரையடிப் பலகையில் நம் மலை ரயில் பாதையில் ஒரு துண்டைச் செய்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர், 250 பாலம், 16 குகை. அத்தனையும் செய்ய எனக்கு இன்னும் மூன்று பிறவி வேண்டும். அதனால் ரன்னிமேடு ஸ்டேஷனுக்குக் கீழே ஒரே ஒரு பாலம், அதன் அடியில் ஓடை. மீட்டர் கேஜ் தண்டவாளம் இந்த அளவில் பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலம் வருகிறது. தண்டவாளத்துக்கு நடுவில் இன்ஜின் பல்சக்கரம் கவ்வி ஏற இரண்டு பல்வரிசை, ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்துக்கு நேராக வருகிற மாதிரி தள்ளித் தள்ளிப் போட்டிருப்பார்களே, அதைச் செய்யவே ஒரு மாதம் போனது. பாலம், பாறை, மரம் எல்லாம் ஒழுங்காக வந்தன. தண்ணீர்தான் மூன்று முறை என்னைக் கவிழ்த்தது.

முதல் முறை, கசிவு. பாறைகளைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்து, நடுவில் ஓடைப் பள்ளம் விட்டு, ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீருக்குப் பதிலாக, இறுகினால் கண்ணாடி மாதிரி ஆகிற ரெசினை ஊற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் ஓடை வறண்டு கிடக்கிறது. பிளாஸ்டர் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் நிறைந்தது, பள்ளத்தில் குண்டூசி முனை அளவு துவாரமும் ஒன்று இருந்திருக்கிறது. ராத்திரி முழுக்க நிதானமாக இறங்கி, பழைய பேப்பரை நனைத்து, சாப்பாட்டு மேஜையோடு சேர்த்து ஒட்டிவிட்டது. என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, “ஆடிப்பெருக்குக்கு மேட்டூரைத் திறந்துவிட்டீர்களா?” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அந்தப் பேப்பரில் அரைப் பக்கம் இன்னும் மேஜையில் கண்ணாடி போட்ட மாதிரி பளபளவென்று இருக்கிறது, சாப்பிடும்போது ராசி பலன் படிக்கலாம். இப்போதெல்லாம் பள்ளத்துக்கு இரண்டு கை பெயின்ட், அதன் மேல் ஒரு கை வார்னிஷ் அடித்து, ஓடை பலகையை விட்டு வெளியேறும் இடத்தில் பிளாஸ்டிக் ஷீட்டை வைத்து அணை கட்டிவிட்டுத்தான் பாட்டிலைத் திறக்கிறேன்.

இரண்டாவது முறை நம்ம ஊர்க் குளிர். எபாக்சி ரெசின் என்பது இரண்டு பாட்டில், ரெசின் ஒன்று, ஹார்டனர் ஒன்று. கலந்தால் இரண்டும் சேர்ந்து சூடாகி இறுகும். என்னுடையது இரண்டுக்கு ஒன்று. சாம்பாருக்கு உப்பு போடுவது போல் கண்ணளவில் போடுகிற காரியம் இல்லை. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் கடைசி வரை பிசுபிசுப்புதான் மிஞ்சும். நான் அளவு தவறவில்லை, ஆனால் அன்று வீட்டுக்குள் பதினாறு டிகிரி, ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்துகொண்டிருந்தது. குளிரில் ரெசின் தேன் மாதிரி தடித்துவிடுகிறது, கலக்கும்போது புகுந்த காற்றுக் குமிழ் மேலே ஏற முடியாமல் உள்ளேயே நிற்கிறது. மூன்று நாள் ஆகியும் தொட்டால் விரல் ஒட்டியது. போதாக்குறைக்கு மேலே வெண்ணெய் தடவியது போல் ஒரு மங்கல் படலம். காற்றில் இருக்கும் ஈரம் ஹார்டனரோடு சேர்ந்தால் அப்படி வருமாம். பயந்துபோனேன். ஆனால் இறுகிய பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்ததும் போய்விட்டது. அப்புறம் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு அடுத்த பூச்சு.

இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். இரண்டு பாட்டிலையும் பத்து நிமிடம் வெந்நீரில் நிற்க வைப்பேன். நிதானமாகக் கலப்பேன், முட்டை அடிப்பது போல் அடித்தால் நுரைதான் வரும். ஊற்றியதும் பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து உள்ளே ஒரு பழைய குண்டு பல்பு. உன் அப்பா கோழிக்குஞ்சுகளுக்கு வைப்பாரே, அதேதான். ஒரே நாளில் இறுகிவிடுகிறது. தூசியும் விழாது.

மூன்றாவது தப்புதான் முக்கியமானது. தண்ணீர் என்றால் நீலம் என்று சின்ன வயதில் டிராயிங் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது மண்டையில் அப்படியே இருந்திருக்கிறது. மூன்று சொட்டு நீலம் விட்டேன். மலை ஓடை வரவில்லை, பக்கெட்டில் சொட்டு நீலம் கரைத்த தண்ணீர் வந்தது. வெட்டி எடுக்க ஒரு வாரம். அந்தக் கோபத்தில் பஸ் ஏறிக் காட்டேரி அருவிக்குப் போனேன். இந்த அருவித் தண்ணீரில்தான் ஒரு காலத்தில் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குக் கரன்ட் எடுத்தார்கள். இப்போது மேலே கேரட் கழுவிய தண்ணீரும் சேர்ந்துகொண்டு செம்மண் நிறத்தில் வருகிறது. அங்கே உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். அடுத்த நாள் ரன்னிமேட்டு ஓடைக்குப் போய் ஒன்றரை மணி நேரம். அறுபது வருஷமாகப் பார்க்கிற தண்ணீர்தான், ஆனால் அதுவரை பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

நீலம் எங்கேயும் இல்லை, முத்து. கரையோரத்தில் தண்ணீருக்கு நிறமே இல்லை, அடியில் கிடக்கும் கல்லின் நிறம்தான். கொஞ்சம் உள்ளே போனால் இளம்பழுப்பு, ஒரு முழ ஆழத்தில் பாசிப்பச்சை, நடு மடுவில் கெட்டியான டீ டிகாஷன். சோலை மரத்து இலை ஊறி ஊறி வந்த நிறம். அந்தக் கறுப்பு மேலேதான் வானம் வெள்ளையாகக் கிடக்கிறது. வெள்ளை நுரை எல்லா இடத்திலும் இல்லை. கல்லில் முட்டித் திரும்புகிற இடத்தில் மட்டும் இருக்கிறது, இரண்டு விரல் தள்ளி மறுபடியும் கறுப்பு. அதைவிட ஒன்று பார்த்தேன். ஒவ்வொரு கல்லிலும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு விரற்கடை அகலத்துக்கு ஈரம் ஏறி, கறுத்த வளையம் இருக்கிறது. அதற்கு மேல்தான் காய்ந்த சாம்பல் நிறம். அந்த வளையம் இல்லாவிட்டால் கல் தண்ணீரில் கிடப்பது போல் தெரியாது, கண்ணாடி மேல் வைத்தது போல்தான் தெரியும்.

திரும்பி வந்து ரெசினுக்கு நிறமே சேர்க்கவில்லை. ஓடையின் அடித்தரையைத்தான் வரைந்தேன். நடுவில் கறுப்பும் பழுப்பும், ஓரத்துக்கு வர வர வெளுத்து. உண்மையில் பள்ளத்தின் ஆழம் நாலு மில்லிமீட்டர்தான், பார்க்கிறவர்கள் இடுப்பளவு என்கிறார்கள். கல்லுக்குக் கல் ஈர வளையம் வரைந்து அதன் மேல் பளபளப்பு வார்னிஷ் தடவினேன். அப்புறம் ரெசினை இரண்டு மில்லிமீட்டர், ஒரு நாள் விட்டு மறுபடி இரண்டு மில்லிமீட்டர். மொத்தமே மூன்று கப்தான் செலவு. ஹேர் டிரையரை ஒரு முறை மேலே காட்டினால் குமிழெல்லாம் பட்பட்டென்று உடைகிறது. இறுகிய பரப்பு ஏரி மாதிரி அசையாமல் இருக்கும். ஓடைக்கு அது சரிவராது. அதனால் மேலே அக்ரிலிக் ஜெல்லைத் தடவி, நீரோட்டம் போகும் பக்கமாகப் பழைய பிரஷ்ஷால் சின்னச் சின்ன அலை இழுத்தேன். பூசும்போது தயிர் மாதிரி வெள்ளை, காய்ந்தால் தெளிந்துவிடும்.

அருவிக்கு வேறு வேலை. பிளாஸ்டிக் ஃபைல் கவர் மேல் ஜன்னலுக்கு அடைக்கிற நிறமில்லாத சிலிக்கானைக் கோடு கோடாகப் பிதுக்கி, பல்குத்தும் குச்சியால் மேலிருந்து கீழே இழுத்துவிட்டு ஒரு நாள் காயவிட வேண்டும். வினிகர் நாற்றம் வீடெல்லாம் அடிக்கும். காய்ந்ததும் பாய் சுருட்டுவது போல் உரித்து எடுத்துப் பாறை உச்சியில் ஒட்டலாம். சிலிக்கான் மேல் பெயின்ட் நிற்காது. வெள்ளை வேண்டுமானால் ஜெல்லில் வெள்ளை கலந்து மேலே தடவ வேண்டும், அதுவும் அருவி பாறையில் மோதும் இடத்திலும் அடியிலும் மட்டும்.

உனக்கு இவ்வளவும் வேண்டாம். குழந்தை இருக்கும் வீட்டில் ரெசினைத் திறக்காதே. கையுறை இல்லாமல் தொட்டால் சிலருக்குத் தோல் அலர்ஜி வந்து, அப்புறம் எப்போது தொட்டாலும் வரும். உங்கள் திருநெல்வேலி வெயிலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நிறையக் கலந்து கப்பிலேயே வைத்திருந்தால் சூடேறிக் கப்பே உருகும். கொலு பத்து நாள் சமாச்சாரம். அட்டையில் குளத்தின் வடிவை வெட்டு. டிஷ்யூ பேப்பரைக் கசக்கிப் பிரித்து, தண்ணீர் கலந்த பெவிக்காலில் நனைத்து அதன் மேல் ஒட்டு. சுருக்கமெல்லாம் சிற்றலையாக நிற்கும். காய்ந்ததும் நடுவில் கரும்பச்சை, ஓரத்தில் மண் நிறம் அடித்து, மேலே பளபளப்பு வார்னிஷ் ஐந்தாறு கை. வரைகிற வேலையைப் பேத்தியிடம் விடு. நீ குறுக்கே பேசாதே.

உன் அம்மா குவார்ட்டர்ஸில் வைத்த கொலு ஞாபகம் இருக்கிறதா? கடுகு தூவிவிட்டு, இந்தக் குளிரில் முளைக்க வேண்டுமே என்று அடுப்புப் பக்கத்தில் தட்டைக் கொண்டுபோய் வைப்பார்கள். குளத்துக்கு உன் அப்பாவின் ஷேவிங் கண்ணாடி, ஒன்பது நாளும் அவர் தாடியோடு ரயில் பாதை பார்க்கப் போவார். அந்தக் குளத்து வாத்து மட்டும் ஏன் அந்தரத்தில் மிதந்தது என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. கண்ணாடிக்கு ரசம் பூசுவது அடிப்பக்கத்தில். அதனால் வாத்தின் காலுக்கும் அதன் பிம்பத்தின் காலுக்கும் நடுவில் கண்ணாடியின் கனம் இடைவெளியாக விழுந்துவிடுகிறது. காலைச் சுற்றி ஒரு சிட்டிகை மணலை ஒட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். நமக்கு யார் சொன்னார்கள்?

ஓடை நடுவில் தட்டைப் பாறை ஒன்று வைத்து, இரண்டு பையன்களை உட்காரவைத்திருக்கிறேன். ஒவ்வொருவனும் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. ரெசின் ஊற்றும் முன்பே காலைப் பள்ளத்துக்குள் விட்டு ஒட்டிவிட்டேன். ஊற்றியபோது ரெசின் கால்மீது அரை மில்லிமீட்டர் தானாக ஏறிக்கொண்டது. மற்ற இடத்தில் இப்படி ஏறினால் கரையெல்லாம் அசிங்கமாகும், குச்சியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே துடைக்கவில்லை. டவுசர் நனைந்த மாதிரியே இருக்கிறது.

கொஞ்சம் கீழே, கல் இடுக்கில், இரண்டு மில்லிமீட்டரில் ஒரு ஒற்றைச் செருப்பு செய்து வைத்திருக்கிறேன். ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்க நின்றபோது இறங்கி, ரயிலை விட்டுவிட்டுப் பாதையோரமாகவே மேலே நடந்து வந்தோமே, அன்றைக்கு ஓடையோடு போனது. அது உன்னுடையது என்பது நிச்சயம், வீட்டில் அடி வாங்கியது நீதான். வார் நீலமா, சிவப்பா? எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. கடைசிப் பூச்சு ஊற்றாமல் வைத்திருக்கிறேன். சீக்கிரம் எழுது.

உன்
கணேசன்