நம் முகத்தின் நிறத்தை யார் முடிவு செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காமிக்ஸில் தென்னிந்தியர்கள், தலித்துகள், முஸ்லிம்கள், பழங்குடியினர் எல்லாம் இன்னும் நிறைய வரவேண்டும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் எப்படி வரவேண்டும் என்று கடைசியாக முடிவு செய்கிறவர் யார் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவன், மும்பையில் படக்கதைகளுக்கு வரைந்து பிழைக்கிறவன். தொண்ணூறு அடி சாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருத்தியை நாயகியாக வைத்து இங்குள்ள ஒரு நிறுவனத்துக்கு வரைந்து கொடுத்தேன். படம் பிரமாதம் என்றார்கள். அப்புறம் பெண்ணின் நிறத்தை வெளுப்பாக்கச் சொன்னார்கள், அவளுடைய தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் பதனிடும் வேலை பார்த்தவர் என்று இருந்ததை எடுத்துவிட்டு இட்லிக் கடை வைத்திருந்தார் என்று போடச் சொன்னார்கள், பக்கத்துக்குப் பக்கம் அவள் ‘ஐயோ’ என்று கத்த வேண்டுமாம். கெட்ட எண்ணத்தில் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த மேசையில் இருந்த ஒருவர்கூட தாராவிக்குள் காலெடுத்து வைத்ததில்லை, கடைசி வார்த்தையோ அவர்களுடையது.

அமெரிக்காவிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. ட்வைன் மக்டஃபி என்ற கறுப்பின எழுத்தாளர் 1989-ல் மார்வெல் என்ற பெரிய காமிக்ஸ் நிறுவனத்தில் எடிட்டராக இருந்தபோது, கறுப்பின நாயகன் என்றாலே ஸ்கேட்போர்டில் ஏற்றிவிடுகிறீர்களே என்று நிர்வாகத்துக்குக் காட்டமான கேலிக் குறிப்பு ஒன்று எழுதினார். பிறகு அவரும் டெனிஸ் கோவன், மைக்கேல் டேவிஸ், டெரெக் டிங்கிள் ஆகியோரும் சேர்ந்து மைல்ஸ்டோன் மீடியா என்று சொந்தமாக ஒரு காமிக்ஸ் நிறுவனம் ஆரம்பித்தார்கள், 1993-ல் புத்தகங்கள் வர ஆரம்பித்தன. ஒப்பந்தப்படி அச்சடித்து விற்பது டிசி என்ற இன்னொரு பெரிய காமிக்ஸ் நிறுவனம், ஆனால் கதாபாத்திரங்களின் உரிமை மைல்ஸ்டோனிடமே இருக்கும், கதையிலும் டிசி கைவைக்க முடியாது. அவர்களுடைய ‘ஹார்ட்வேர்’ கதையே, கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் ஒருவர் தன் கண்டுபிடிப்புகளின் லாபத்தில் பங்கு தராத முதலாளியை எதிர்த்து நிற்பதுதான். இவ்வளவு நல்ல ஒப்பந்தத்திலும் ஒரு ஓட்டை இருந்தது: பிடிக்காததை வெளியிட மறுக்கும் உரிமை டிசியிடம் இருந்தது. ‘ஸ்டாட்டிக்’ என்ற அவர்களுடைய இன்னொரு காமிக்ஸின் 25-ஆம் இதழ் அட்டையில் இரண்டு இளசுகள் முத்தமிடுவதும் பக்கத்தில் ஆணுறையும் இருந்ததால் டிசி அதை அப்படியே போட ஒத்துக்கொள்ளவில்லை, படத்தின் ஒரு துண்டுதான் அட்டையில் வந்தது. விற்பனை சரிந்து 1997-ல் காமிக்ஸ் நின்றுபோனது. ஆனால் உரிமையைக் கையில் வைத்திருந்ததால்தான் ஸ்டாட்டிக் 2000-ல் தொலைக்காட்சிக்குப் போனபோதும் அது மைல்ஸ்டோனின் சொத்தாகவே இருந்தது.

ஓவியர் சொல்லுக்கு இடம் கொடுப்பது இங்கேயும் நடந்திருக்கிறது. 2011-ல் டெல்லியின் நவயானா பதிப்பகம் அம்பேத்கர் வாழ்க்கையைப் ‘பீமாயனா’ என்று படக்கதையாகக் கொண்டுவந்தபோது, வரைந்த கோண்டு பழங்குடி ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் பாத்திரங்களைக் கட்டத்துக்குள் அடைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பதிப்பகம் அதற்கு இடம் கொடுத்தது, அவர்கள் வீட்டுச் சுவரில் போடும் திக்னா கோலமே பக்கங்களைப் பிரிக்கும் கோடாக வந்தது.

நம் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது டேப்லெட்டில் வரைகிறார்கள், நீட்டிய இடத்தில் கையெழுத்தும் போடுகிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் சம்பளத்துக்கு இல்லாமல், யாரும் காசு கொடுத்து வரையச் சொல்லாமல் நீங்களாகவே வரைந்தது என்றால், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை பொதுவாக உரிமை உங்களுடையது; காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை சொன்னவருக்கே போகலாம். மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருஷம்தான். உரிமையை விற்றுவிட்டாலும், உங்கள் பெயர் கெடும்படி படைப்பைச் சிதைத்தால் 57-ஆம் பிரிவின்கீழ் தடுக்கலாம். சம்பளத்தில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு, வேலையில் வரைந்தது பெரும்பாலும் முதலாளிக்குத்தான் போகும், சேரும்போதே பேசி எழுதி வாங்க வேண்டும்.

நிறம், பேச்சு, குடும்பத் தொழில் இந்த மூன்றையும் ஓவியரைக் கேட்காமல் மாற்றக்கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் மறுக்கட்டும், யார் மறுக்கிறார்கள் என்றாவது தெரியவரும்.

ஆசிரியரிடமும் ஒரு கோரிக்கை. உங்கள் சிறுவர் பக்கத்தில் வாராவாரம் படக்கதை வருகிறது, அதை வரைகிறவர் பெயர் எங்கேயும் இல்லை. அடுத்த இதழிலிருந்து போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு படக்கதை ஓவியர்,
தாராவி, மும்பை