தோட்டத்துப் பெண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி: ஆளுநருக்குக் கோரிக்கை மனு

கௌரவ ஆளுநர் அவர்கள்,
மத்திய மாகாணம்,
கண்டி.

விடயம்: உயர்தரம் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு விடுதி அமைத்து, அதற்கு எலிசா அக்னியூ அம்மையாரின் பெயரைச் சூட்டுதல்

மதிப்பிற்குரிய ஆளுநர் அவர்களுக்கு,

ஹட்டன் கல்வி வலயத்துப் பாடசாலை ஒன்றின் அபிவிருத்திச் சங்கத்தில் உள்ள தாய்மார் நாங்கள். எங்களில் கோவிலுக்குப் போகிறவர்கள் அதிகம், தேவாலயத்துக்குப் போகிறவர்கள் குறைவு. முஸ்லிம் சகோதரிகளும் இருக்கிறார்கள்.

எங்கள் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. தேயிலைத் தோட்டங்களின் மேல் டிவிசன்களிலிருந்து பெண் பிள்ளைகள் ஆசையாக வந்து சேர்கிறார்கள், அப்புறம் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். படிப்பு வராமல் இல்லை. முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு தேயிலை மலையில் இறங்கி வர வேண்டும், சிறுத்தைப் பயம் வேறு. பின்னேர வகுப்பில் இருந்தால் திரும்பிப் போக பஸ் கிடையாது. பையன் என்றால் டவுனில் யார் வீட்டிலாவது தங்கிக்கொள்வான். வயது வந்த மகளை அப்படி விட எங்களுக்கு மனம் வராது. நின்ற பிள்ளை கொஞ்ச நாளில் கொழும்புக்குப் போய்விடுகிறது, ஆடைத் தொழிற்சாலைக்கோ வீட்டு வேலைக்கோ.

பாடசாலை வளவுக்குள் பழைய ஆசிரியர் விடுதி ஒன்று பூட்டிக் கிடக்கிறது. கூரைத் தகரம் மாற்ற வேண்டும், மலசலகூடம் கட்ட வேண்டும். சுவர் நல்ல கருங்கல். அதைப் பெண்கள் விடுதியாக்கி, கூடவே தங்கியிருக்கும் பொறுப்பாளர் ஒருவரையும் சம்பளத்தோடு நியமித்துத் தரும்படி கேட்கிறோம்.

பெயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் வேலை செய்த அமெரிக்க மிஷனரியின் பெயர் மலையகத்தில் எதற்கு என்று கட்டாயம் கேட்பார்கள். எங்கள் கூட்டத்திலேயே கேட்டார்கள்.

அக்னியூ அம்மையார் 1807இல் நியூயோர்க்கில் பிறந்தவர். எட்டு வயதில், வகுப்பில் ஆசிரியர் உலகப் படத்தில் இலங்கையைக் காட்டி, மிஷனரிகள் அங்கே போவதைப் பற்றிச் சொன்னபோதே தானும் போவதென்று தீர்மானித்தார். ஆனாலும் பெற்றோர் இருக்கும்வரை அவர்களை விட்டுவரவில்லை. அவர்கள் காலமான பிறகுதான் கப்பலேறி, 1840இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது முப்பது வயதைத் தாண்டியிருந்தார். கல்யாணம் முடிக்கவில்லை. உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியைப் பொறுப்பெடுத்து, 1879 வரை அங்கேயே பிள்ளைகளோடு வாழ்ந்தார். தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை அவரிடம் படித்தது. படித்தவர்கள் ஆயிரத்துக்கு மேல். அதனால்தான் ‘ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய்’ என்றார்கள். விடுமுறை வந்தால் படித்துப் போன பிள்ளைகளின் கிராமங்களுக்குப் போய் அவர்களைப் பார்ப்பார். ஊருக்குப் போய் வரவில்லையா என்று கேட்டால் வேலை இருக்கிறது, நேரமில்லை என்பாராம். நாற்பத்து மூன்று வருடத்தில் ஒரு தடவையும் அமெரிக்காவுக்குத் திரும்பவில்லை. 1883இல் மானிப்பாயில் காலமானார்.

அவரைக் கப்பலேற்றியது அவருடைய விசுவாசம். பிள்ளைகள் இயேசுவை அறிய வேண்டும் என்பதே அவருடைய ஜெபம். அவரிடம் படித்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் கிறிஸ்தவர்களாகவே வெளியே வந்தார்கள். இதை மறைத்துவிட்டு அவர் பெயரைக் கேட்பது சரியல்ல. நாங்கள் கேட்கும் விடுதி அரசாங்க விடுதி. அங்கே எந்தப் பிள்ளையும் தன் சமயப்படியே கும்பிடும். அம்மையாரிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது, அந்நியர் பெற்ற பெண் பிள்ளைகளுக்காக ஒரே இடத்தில் நின்று ஆயுளைக் கொடுத்த பிடிவாதத்தை.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் முன்னோரைக் கோப்பித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது 1823இல் என்கிறோம். அடுத்த வருடமே, 1824இல், ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் உடுவில் பள்ளியைத் தொடங்கிவிட்டார். அங்கும் முதலில் யாரும் பெண் பிள்ளையை அனுப்பவில்லை. படிப்பை முடித்தால் சீதனம் தருவோம் என்றுகூட மிஷன் ஆசை காட்ட வேண்டியிருந்தது. அந்தத் தயக்கத்தை மாற்றியதில் விடுதிக்குப் பெரிய பங்கு உண்டு. மலையகத்திலோ 20ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் தோட்டப் பிள்ளைகளின் படிப்பைச் சட்டம் கண்டுகொண்டது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது 1970களில். இங்கே இப்போது பிள்ளையைப் படிக்க வா என்று யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. தங்க இடம்தான் இல்லை.

அரசியல்வாதி ஒருவரின் பெயரை வைத்தால் காசு சீக்கிரம் வரும் என்று சிலர் யோசனை சொன்னார்கள். அப்படி வைத்த பெயர்ப்பலகைகள் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவதைப் பார்த்திருக்கிறோம். பெயர் விடயத்தில் தங்களுக்குத் தயக்கம் இருந்தால், விடுதியை முதலில் திறந்து தாருங்கள். பெயரை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கட்டடத்தைப் பார்க்க அதிகாரிகளை அனுப்புவதானால் பின்னேரம் நான்கரை மணிக்குப் பிறகு அனுப்பும்படி தயவாகக் கேட்கிறோம். கொழுந்து நிறுத்துவிட்டு நாங்களும் வந்து நிற்போம்.

இப்படிக்கு,
பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துத் தாய்மார்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)