'இதர' என்று எழுதி முடித்துவிடாதீர்கள்

காற்றுத் தரத்தைக் கண்காணிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆலைப் புகைபோக்கிகளில் கருவி மாட்டி இரவும் பகலும் பார்க்கிறீர்கள். நல்ல வேலைதான். என் கேள்வி, புகைபோக்கியே இல்லாத புகையைப் பற்றி, உங்கள் புகைக் கணக்கில் 'இதர' என்ற வரிக்குள் போய்விடும் புகையைப் பற்றி.

தெருமுனையில் எரியும் ஒரு குப்பைக் குவியலைப் பாருங்கள். மேலே சருகு, நடுவில் பிளாஸ்டிக் பைகள், அடியில் ஈரம். கொழுந்துவிட்டு எரிந்தாலாவது சீக்கிரம் அடங்கும். இது மணிக்கணக்கில் புகைந்துகொண்டே கிடக்கும். அப்படி அரைகுறையாக எரிவதால்தான் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் ஏராளமாக வருகின்றன. குழாய் செய்யும் பிவிசி பிளாஸ்டிக் கலந்திருந்தால் டையாக்சின் என்ற கொடிய நச்சும் சேரும். உயரமான புகைபோக்கியின் புகை தரையைத் தொடுவதற்குள் நிறையவே கலைந்துவிடும். இது கிளம்புவதே ஒரு குழந்தையின் மூக்கு உயரத்தில். டன் கணக்கில் அற்பம், மூச்சுக் கணக்கில் அப்படியில்லை.

காற்று அசையாத இரவில் தரையையொட்டிய காற்று குளிர்ந்துவிட, அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் விறகடுப்பு, டீசல் ஜெனரேட்டர், டூ-ஸ்ட்ரோக் வண்டி என எல்லாப் புகையும் அந்த மூடிக்குள்தான்.

1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் மூடிய புகையில் மின்நிலையங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் வீடுகளில் குளிர்காய எரித்த நிலக்கரியை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1956இல் வந்த சட்டம் வீட்டுப் புகையையும் கட்டுப்படுத்தியது. தடையோடு நிற்காமல், அடுப்பை மாற்றிக்கொள்ள உதவித்தொகையும் கொடுத்தது. எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது பாதிதான்.

நுண்துகளின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொல்லிவிட்டது. வரம்பு இவ்வளவு குறுகிய பிறகும், சின்னப் புகைகளை எல்லாம் 'இதர' என்ற ஒற்றை வரியில் அடைப்பது சரியா?

தெருத்தெருவாக எண்ணுங்கள். அலுவலக நேரத்தில் வேண்டாம், பொழுது சாய்ந்த பிறகும் விடியலுக்கு முன்பும் வாருங்கள். கையடக்கக் கருவியோடு வந்து அளக்கச் சொன்னால், அவை ஈரப்பதத்தில் நுண்துகளைக் கூட்டிக் காட்டும் என்பீர்கள். சரி, உங்கள் நிலையத்துக் கருவியின் பக்கத்தில் சில வாரம் வைத்துத் திருத்திக்கொள்ளலாமே.

குப்பையை எரித்தவருக்கு அபராதச் சீட்டு எழுதும் முன், அந்தத் தெருவுக்குக் குப்பை வண்டி கடைசியாக என்றைக்கு வந்தது என்பதையும் அதே சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களில் ஒருவர்