ஷில்லரை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு, வணக்கம்.

பங்கு விலைகள் பற்றி வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையில் பொருளாதார அறிஞர் யூஜின் ஃபாமா இருந்தார், ராபர்ட் ஷில்லர் இல்லை. 2013இல் பொருளாதார நோபல் பரிசை இவர்கள் இருவரும் லார்ஸ் பீட்டர் ஹான்சனும் சேர்ந்துதான் பெற்றார்கள். கிடைக்கும் தகவலெல்லாம் விலையில் அடங்கிவிடுகிறது என்பவர் ஃபாமா. அதை ஒப்புக்கொள்ளாதவர் ஷில்லர். இருவருக்கும் ஒரே பரிசு! இந்த வேடிக்கையைச் சொல்லாமல் விடலாமா?

எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கிய ஷில்லர், 1982இல் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அவர் பெயர் வெளியே தெரிந்தது 1981இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையால். பங்கின் விலை என்பது வரப்போகும் டிவிடெண்டுகளின் (நிறுவனம் பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்கு) இன்றைய மதிப்புதான் என்றால், டிவிடெண்ட் மெல்ல நகரும்போது விலை மட்டும் ஏன் இப்படிக் குதிக்கிறது? நூறாண்டுக்கு மேற்பட்ட அமெரிக்கக் கணக்கை வைத்துக் கேட்டார். பலருக்குப் பிடிக்கவில்லை, அவருடைய புள்ளியியல் முறையே தவறு என்றார்கள்.

மனிதர் விடவில்லை. 1987 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22 சதவீதத்துக்கு மேல் சரிந்ததும், உடனே முதலீட்டாளர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். பெரிய செய்தி எதுவும் காரணமில்லை, விலை விழுகிறது என்பதே விற்கவைத்தது என்று தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார் என்று பங்கு வாங்கிய எனக்கு இது புதிதல்ல!

அப்புறம், 1991 முதல் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலருடன் சேர்ந்து நடத்தை நிதியியல் (பண முடிவுகளில் மனித மனம் செய்யும் வேலையை ஆராயும் துறை) பயிலரங்குகளையும் நடத்தியவர் இவர். அடுத்த கட்டுரையிலாவது நாலு வரி ஒதுக்குங்கள்.

ஒரு வாசகர்,
ஈரோடு