பழைய பெயின்டைச் சுரண்டுகிறவருக்கு யார் சொல்லித் தருவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பெயின்டில் ஈயம் கூடாது என்று நம் நாட்டில் விதி வந்துவிட்டது. 2016-ல் அறிவித்து, 2017 நவம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. வீட்டுக்கு அடிக்கும் பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் அது கடையில் விற்கும் புது டப்பாவோடு நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால் முப்பது நாற்பது வருஷமாகக் கதவிலும் ஜன்னல் கம்பியிலும் பள்ளிக்கூட பெஞ்சிலும் பூச்சின் மேல் பூச்சாக ஏறியிருக்கிறதே எனாமல், அதை யார், எப்படி எடுக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

சின்னச் சின்னக் கட்டட வேலைகளை எடுத்துச் செய்கிறவன் நான். பெயின்டர்கள் வேலை பார்க்கும் விதம் எனக்குத் தெரியும். உப்புத்தாளைத் தண்ணீரே தொடாமல் வைத்துத் தேய்ப்பார்கள், மசியாத இடத்தில் புளோ லாம்ப்பைக் காட்டி இளக்கிப் பட்டித் தகட்டால் வழித்தெடுப்பார்கள், முகத்தில் கட்டிய கைக்குட்டை வெயில் ஏற ஏறக் கழுத்துக்கு இறங்கிவிடும். பதினோரு மணிக்கு டீயும் வடையும் வந்தால் கையை லுங்கியில் துடைத்துவிட்டுச் சாப்பிட வேண்டியதுதான். சாயங்காலம் துடைப்பத்தால் கூட்டித் தள்ளினால் தூசியில் பாதி திரும்பவும் அதே அறையில் படியும், மீதி அவர்கள் சட்டையோடு வீட்டுக்குப் போகும். விழுங்கிய ஈயத்தைச் சின்னக் குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அடி விழுவது மூளை வளர்ச்சியில். இதற்காகப் பெயின்டர்களைத் திட்டுவதில் நியாயமில்லை, அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 1978-லேயே தடை செய்தார்கள். அதோடு விடாமல் 1992-ல் தனிச் சட்டம் போட்டு, பழைய பூச்சில் கை வைப்பவர்களுக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். ஈயப் பூச்சை அகற்றும் தொழிலாளிக்கு 16 மணி நேரம், அதில் பாதி கையால் செய்து பார்க்கும் பயிற்சி. மேற்பார்வையாளருக்கு 32 மணி நேரம், முன் அனுபவம், தேர்வு எல்லாம் உண்டு. ஈயம் இருக்கிறதா என்று சோதிக்கும் ஆய்வாளருக்கு 24 மணி நேரம். அப்புறம் சான்றிதழ் வாங்கிவிட்டோம் என்று ஆயுள் முழுக்க உட்கார முடியாது, சில வருஷத்துக்கு ஒருமுறை மறுபயிற்சி எடுத்துப் புதுப்பிக்க வேண்டும். வேலை முடிந்ததும் சான்றிதழ் உள்ள ஒருவர் வந்து தரையிலும் ஜன்னல் விளிம்பிலும் தூசியைத் துடைத்தெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அளவு சரி என்று வந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. பழைய வீட்டைப் புதுப்பிக்கும் சாதாரண பெயின்டர், தச்சர் வேலைகளையும் 2010-ல் இந்த வளையத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு 8 மணி நேரப் பயிற்சிதான், ஒரே நாள்.

நமக்கு இப்போதைக்கு அந்த ஒரு நாள் பயிற்சி வந்தாலே பெரிய விஷயம். நனைத்துவிட்டுச் சுரண்டு, தீயைக் காட்டாதே, தரையில் பாலித்தீன் விரி, ஈரத்துணியால் துடை, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடு, வேலைச் சட்டையைத் தனியாகத் துவை. இதில் எதுவும் கம்பசூத்திரம் இல்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயின்டர்கள் ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறார்கள், ஐ.டி.ஐ.களில் பெயின்டர் பிரிவு இருக்கிறது. புதிதாக ஒரு அலுவலகம் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒரே பயம், சான்றிதழ் என்றதும் காசு கொடுத்தால் முத்திரை குத்தித் தரும் கடை முளைத்துவிடும். கையால் செய்து காட்டாதவருக்குச் சான்றிதழ் தரக் கூடாது, பயிற்சி நாளுக்கு அன்றைய கூலியை வாரியமே கொடுக்க வேண்டும். கூலி இல்லாமல் கூப்பிட்டால் ஒருத்தரும் வர மாட்டார், நானே அனுப்ப மாட்டேன்.

தனியார் வீடுகளில் இதை உடனே கட்டாயமாக்குவது நடக்காத காரியம். அரசுப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தொடங்கலாம். கோடை விடுமுறைக்கு விடும் பெயின்ட் டெண்டரில், பழைய பூச்சைச் சுரண்டும் குழுவில் பயிற்சி பெற்ற ஒருவராவது இருக்க வேண்டும் என்று பொதுப்பணித்துறை ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும், என்னைப் போன்ற ஒப்பந்தக்காரர்கள் அடுத்த வாரமே ஆளைப் பயிற்சிக்கு அனுப்பிவிடுவோம்.

– ஒரு கட்டட ஒப்பந்தக்காரர், மதுரை