பாட்டிலைத் திருப்பிப் பார்

அன்பு மகளுக்கு,

மூலிகை மவுத்வாஷுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தாய். முதலில் பாட்டிலின் பின்பக்கத்தில் சோடியம் ஃப்ளோரைடு என்று இருக்கிறதா பார். சொத்தையைத் தடுக்க அந்த ஒரு வரிதான் வேண்டும். முன்பக்கத்தில் வேப்பிலைப் படம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

சர்க்கரையைத் தின்று கிருமிகள் அமிலத்தை விடுகின்றன. வாயின் பிஎச் (அமிலத்தைக் காட்டும் அளவு, குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலுறையான எனாமலின் கால்சியமும் பாஸ்பேட்டும் கரையும். எச்சில் அவற்றைத் திரும்பப் படிய வைக்கும். கூடவே ஃப்ளோரைடு இருந்தால் சீக்கிரம் படியும், படிந்ததும் அமிலத்துக்கு லேசில் கரையாது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2016-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், ஃப்ளோரைடு நீரால் ஒழுங்காகக் கொப்பளித்த பிள்ளைகளுக்குச் சொத்தை ஏறக்குறைய 27 சதவீதம் குறைந்திருந்தது. வேம்பு, துளசி, கிராம்பு, திரிபலா இவையும் கிருமியைக் குறைக்கும், ஈறுக்கும் நல்லதுதான். ஆனால் கிருமி குறைந்ததைக் காட்டும் அளவுக்கு, சொத்தை குறைந்ததைக் காட்டும் ஆய்வுகள் இல்லை.

"இங்கிலீஷ் மருந்து" என்பதற்காகவும் நம்பிவிடாதே. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷ் ஈறு வீக்கத்துக்கு, பல் டாக்டர் சொல்லும் நாட்களுக்கு மட்டும். நீட்டினால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மாறும்.

தினசரிக்கு 0.05 சதவீத சோடியம் ஃப்ளோரைடு. 10 மில்லி ஊற்றி ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்பு. தண்ணீர் விட்டுக் கழுவாதே, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாதே, குடிக்காதே. பலரும் பிரஷ் செய்த கையோடு கொப்பளிக்கிறார்கள், அங்கேதான் காரியம் கெடுகிறது. பேஸ்டில் ஃப்ளோரைடு 1,000 முதல் 1,450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), இந்த நீரில் சுமார் 225தான். கூடுதலாக இருப்பதைக் குறைவானதால் கழுவிவிடுகிறாய்! மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்.

மூலிகைதான் பிடிக்கும் என்றால் தாராளமாகச் செய், பேஸ்ட் மட்டும் ஃப்ளோரைடு உள்ளதாக இருக்கட்டும். தேனோ சர்க்கரையோ கலந்தது வேண்டாம். வீட்டுக் கஷாயத்தை அன்றன்றைக்கு வை, மிச்சத்தைக் கொட்டிவிடு. கிராம்பு எண்ணெயை அப்படியே தொட்டு வைத்தால் ஈறு வெந்துபோகும். வாய் உலர்கிறது என்றால் ஆல்கஹால் இல்லாததாக வாங்கு.

குட்டிக்கு ஆறு வயது ஆகும்வரை ஃப்ளோரைடு மவுத்வாஷ் கொடுக்காதே. துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுவான்.

அன்புடன்,
அம்மா