பாலாற்று மணலில் இறங்கும் கழிவுநீர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீர் ஓடுவதில்லை. கரையோர ஊர்களின் சாக்கடை நீர்த்துப்போக வழியின்றி மணலுக்குள் இறங்கி, ஆற்றுப்படுகைக் குடிநீர்க் கிணறுகளையே எட்டுகிறது. சுத்திகரிப்பு நிலையம் ஒருநாள் முடங்கினாலும் கேடு நமக்குத்தான்.

அங்கே கழிவைத் தின்பவை நுண்ணுயிர்கள். காற்றூட்டும் தொட்டியில் லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும். மின்வெட்டில், காற்றை ஊதிச் செலுத்தும் புளோயர் பல மணி நேரம் நின்றால் தொட்டி நீர் கறுத்து நாறத் தொடங்கும். ஜெனரேட்டர் இருந்தும் டீசல் இல்லையென்றால் என்ன பயன்?

நிலையத்தின் நலத்தை அறிய எளிய சோதனை உண்டு. தொட்டி நீரை ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். நுண்ணுயிர்கள் திரண்ட சேறு 200 முதல் 300 மில்லிக்குள் படிந்து மேல்நீர் தெளிந்தால் நல்லது. 500-ஐத் தாண்டிப் பஞ்சுபோல் நின்றால், இழை நுண்ணுயிர்கள் பெருகியிருக்கும். அல்லது உபரிச் சேற்றை வெளியேற்றாமல் விட்டிருப்பார்கள். அந்தச் சேறு, அடுத்துள்ள தெளிவுத் தொட்டியில் (சேற்றைப் படியவிடும் தொட்டி) படியாமல், அதன் விளிம்பைத் தாண்டி நேரே ஆற்றுக்குப் போகும். இந்த அளவைத் தினமும் நிலைய வாசல் பலகையில் எழுத நகராட்சிகள் உத்தரவிட வேண்டும்.

தோல் பதனிடும் கழிவுக்குத் தனிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. அந்தக் கழிவை இரவில் யாரேனும் ஊர்ச் சாக்கடையில் திறந்துவிட்டால், குரோமியமும் உப்பும் நுண்ணுயிர்களை முடக்கிவிடும். மீண்டும் தேற வாரக்கணக்கில் ஆகலாம். நீர் நுழையும் வாயிலில் இரவுக் கண்காணிப்பு கட்டாயம் தேவை.

- வாசகர், வேலூர்